ஏரிக்கு வந்த போர்க்கப்பல்களும் உன் கையெழுத்தும்

அன்புள்ள முத்து,

நீ அனுப்பிய குரல் செய்தியை நாலு முறை கேட்டுவிட்டேன். பின்னால் இன்ஜின் சத்தம், நடுவில் யாரோ சிரிக்கும் சத்தம். "அம்மா, காண்ட்ராக்ட் முடியப்போகுது. ஊருக்கு வந்திடட்டுமா, இல்ல இன்னொரு ஒன்பது மாசத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள கேப்டன்கிட்ட சொல்லணும். நீயே சொல்லிடு" என்று முடித்திருந்தாய். வேறு சமயமாக இருந்தால் அடுத்த நிமிடமே உனக்குப் பதில் வந்திருக்கும். நீ கேட்ட கேள்விக்கு மட்டுமில்லை, கேட்காத கேள்விகளுக்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும் என்பது உனக்கே தெரியும். இந்தத் தடவை "எழுதி அனுப்புறேன்டா" என்று மட்டும் சொன்னேன். நீ பயந்துபோய், "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாய். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் முழங்கால் கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான். எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் வேறு. அதில் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு தவறும் இருக்கிறது. கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வேறு தாய்மாரும் இதைப் படித்தால் நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் முதலில் நீ படி. நீ சம்மதித்தால் மட்டும் பிறர் கண்ணில் படட்டும்.

நேராகப் பதிலுக்கு வராமல் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சண்டையில் ஆரம்பிக்கப் போகிறேன். குற்றம் உன்னுடையதுதான். போன மாதம் அமெரிக்காவில் ஆஸ்வீகோ என்ற ஊரில் உன் கப்பல் மூன்று நாள் கட்டிக்கிடந்தபோது, சிம் கார்டு விற்க வந்தவன் கொடுத்த துண்டுத்தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய். கரையில் இறங்க உனக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. டெக்கில் நின்று பார்த்தால் மேட்டின் மேல் ஒரு கோட்டை தெரிகிறது, அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். கீழே ஒரு வரி: "அம்மா, இது கடல் இல்ல, ஏரி. ஏரிக்குப் போர்க்கப்பல் வந்து சண்டை போட்டுச்சாம். நீ ஹிஸ்டரி படிச்சவதானே, உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. இங்கே பர்மாவில் பி.ஏ. வரலாற்றில் எங்களுக்கு அமெரிக்காவை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். கடலில் ஓடும் உன் கப்பல் ஏரிக்குள் எப்படிப் போனது என்பதே எனக்குப் புதிராக இருந்தது. வழியில் கதவு போட்ட வாய்க்கால்கள் இருக்கின்றன, தண்ணீரை நிரப்பிக் கப்பலைப் படிப்படியாக மேலே தூக்குகிறார்கள் என்று நீ விளக்கியதை உன் அப்பாவிடம் சொன்னேன். ஊர்க்கோடி ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கட்டி மேய்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஏரியில கப்பல் சண்டையா? நம்ம கோயில் தெப்பக்குளத்துல நடந்த மாதிரி இருக்குமா? ஒருத்தன் இந்தப் படியில, இன்னொருத்தன் அந்தப் படியிலயா?" என்று சிரித்தார். நான் படத்தில் ஏரியைக் காட்டினேன். எதிர்க்கரை தெரியவில்லை. "இதுக்குப் பேரு ஏரியாம்!" என்றவர், அன்றைக்குச் சாப்பாட்டை முடிக்கும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்துக்கொண்டது. லத்தாப் பேட்டையில் நான் வேலை செய்யும் மருந்துக் கடை அலுவலகத்தில் மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு உண்டல்லவா, அந்த நேரத்தில் பழைய புத்தகக்காரர்களிடம் போய் நின்றேன். மின்சாரம் இருந்த நேரத்தில் கைபேசியில் படித்தேன். கிடைத்ததை உனக்குச் சொல்கிறேன். ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் அப்போது போர். ஒரே ஏரி, இந்தக் கரை இவர்களுடையது, அந்தக் கரை அவர்களுடையது. இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு மரம் வெட்டிப் பெரிய பெரிய கப்பல்களாகக் கட்டினார்கள். கப்பலைக் கட்டிவிடலாம், அதற்கு வேண்டிய பீரங்கியும் வடமும் காட்டில் விளையாதே! அமெரிக்கர்களுக்கு அவையெல்லாம் தூரத்து நகரங்களிலிருந்து ஆற்று வழியாக வந்து, நீ பார்த்த அந்தத் துறைமுகத்தில்தான் ஏரியைத் தொட்டாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போகத்தான் ஆங்கிலேயரின் கப்பல்கள் ஒரு மே மாதத்தில் அங்கே வந்தன. கோட்டையில் இருந்தவர்கள் மிகவும் கொஞ்சம் பேர். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆற்றின் எதிர்ப்பக்கம், ஊர் இருந்த கரையில், வெறும் கூடாரங்களாக வரிசையாய் அடித்து வைத்தார்கள். உள்ளே ஆளே கிடையாது. கப்பலிலிருந்து பார்ப்பவனுக்குப் பெரும் படை இருப்பது போலத் தெரியும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பணக்கஷ்டம் இருந்த வருஷங்களில் விருந்தாளி வரும்போதெல்லாம் கூடத்து விளக்கு எல்லாவற்றையும் போட்டு வைக்கும் என் பழக்கம் நினைவுக்கு வந்தது.

முதல் நாள் கப்பல்களால் நெருங்க முடியவில்லை, காற்றும் மாறிவிட்டது. மறுநாள் படையை இறக்கி, மேட்டில் ஏறிக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். கிடைத்ததை அள்ளிக்கொண்டு, படைவீடுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஆனால் எந்தப் பெரிய பீரங்கிகளுக்காக வந்தார்களோ அவற்றில் பெரும்பாலானவை அங்கே இல்லை. ஆற்றில் மேலே, ஓர் அருவிக்கு அப்பால், அவற்றை அமெரிக்கர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். கோட்டை போனாலும் போகட்டும், இது போகக் கூடாது என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார். அந்த யாரோவைப் பற்றி நிறைய நேரம் யோசித்தேன், முத்து. எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே மே மாதத்தில், அதே ஆங்கிலேயக் கொடி பறந்த கப்பல்கள் வேறொரு துறைமுகத்துக்கு வந்தன. அது நம் ஊர். நாம் மாலையில் படகுத் துறைக்குப் போய்க் காற்று வாங்குவோமே, அந்த ஆற்றில்தான் மேலே ஏறி வந்தார்கள். கரையிலிருந்து சில குண்டுகள் சுட்டார்கள், கப்பல் திருப்பிச் சுட்டதும் அதுவும் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஊரில் ஆள் இல்லை. அதிகாரிகளின் உத்தரவில் ஜனங்கள் எல்லாரும் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அரிசி இல்லை, மாடு இல்லை, படகு இல்லை. பிடித்த ஊரை வைத்துக்கொண்டு மழையில் நனைந்தார்கள், காய்ச்சலிலும் பேதியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அங்கே ஆளில்லாத கூடாரம், இங்கே ஆளில்லாத ஊர்! இரண்டு சண்டையிலும் இருந்த மாலுமி ஒருவனாவது இருந்திருப்பானா, இருந்தால் நம் ஆற்றைப் பார்த்ததும் அந்த ஏரியை நினைத்திருப்பானா என்றெல்லாம் அலுவலகத்தில் மாத்திரைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே யோசித்தேன். ஒரு தடவை எண்ணிக்கை தப்பி முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கினேன். "மா லெட்சுமி, கண்ணு இங்கே, புத்தி எங்கே?" என்றார். "ஏரியில்" என்று சொல்ல முடியுமா?

நம் ஊருக்கு வந்த அந்தக் கப்பல்களில் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. மதராஸிலிருந்து ஏற்றிய சிப்பாய்களும் இருந்தார்கள். தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும். இது உனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "அம்மா, நம்ம ஆளுங்க அந்தக் கப்பல்ல வந்தாங்களா? டீச்சர் பாடம் சொன்னதும் எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தாங்க." நான் துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லடா. நாம ரயில் போட வந்தவங்க. அது ரொம்பப் பின்னாடி. நாம டிக்கெட் எடுத்து வந்தோம். போய்ச் சொல்லு" என்றேன். நீ மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, "நாங்க டிக்கெட் எடுத்து வந்தோம்" என்று சொல்லியிருக்கிறாய். வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உன் பெயரே 'டிக்கெட்' ஆகிவிட்டது என்பதை, நீ மீசை முளைத்த பிறகுதான் என்னிடம் சொன்னாய், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தகப்பனாரின் பாட்டனார் ரயில்வேக்கு வந்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். உன் அப்பா வழியில் அவ்வளவுகூடத் தெரியாது. டிக்கெட்டை நான் பார்த்தேனா? அவர்களுக்கு முன்னால் வந்த யாரோ ஒருவர், ஆளில்லாத வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, அடுப்பில் இன்னும் சூடு இருப்பதைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். "எனக்குத் தெரியலடா, வா, ரெண்டு பேரும் தேடிப் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் உனக்கு அந்த இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். நாளைக்கு உன் பிள்ளை உன்னிடம் ஏதாவது கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு. பிள்ளையின் முகம் வாடுகிறதே என்று அவசரப்பட்டு எதையாவது சொல்லி வைக்காதே. இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. உன் தலையில் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உன்னைக் கப்பலுக்கு அனுப்பியதும் அதே அவசரக் கையால்தான். நீ கேட்டது லத்தாவில் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் ஒரு நாற்காலி. உன் விரலுக்கு அந்த வேலை எவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான்தான் மாலுமிப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, நானே நிரப்பி, மருத்துவச் சோதனைக்கு உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் இருந்த ஒரு பையன், "ஆன்ட்டி, கடைசியில் கப்பலுக்கும் நீங்களே போவீர்களா?" என்று கேட்டான். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை. அதற்குப் பிறகு கட்டாய ராணுவச் சேவைக்கு ஊரில் உன் வயதுப் பையன்களின் பெயர்கள் பட்டியலாக எழுதப்பட ஆரம்பித்தபோது, பார்த்தாயா, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசும்போது, என் பிள்ளை கடலில் இருக்கிறான் என்று ஒரு நிம்மதி. அருவிக்கு அப்பால் பீரங்கியை நிறுத்தி வைத்தவர் எனக்கு ஏன் பிடித்தார் என்று இப்போது புரிகிறதா? அதை உன் அப்பாவிடமும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "பீரங்கியை எங்க கொண்டுபோய் வெச்சாலும் ஏன் வெச்சேன்னு கேக்காது. இவன் கேக்கலையேன்னு நீ சந்தோஷப்படுற. கேக்காம இருக்கானேன்னு நான் கவலைப்படுறேன்" என்றார். சட்டென்று எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். உன் அப்பா நிறையப் பேசமாட்டார், பேசினால் இப்படித்தான்.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உன்னைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து கோ ஸாவ் கூப்பிட்டார். கப்பலில் ஆட்களை மாற்றும் பட்டியல் போடுகிறார்கள், உன்னோடு தொடர்பு கிடைக்கவில்லை, மகன் இறங்குவாரா, தொடர்வாரா, வீட்டில் ஏதாவது பேசினீர்களா என்று கேட்டார். "தொடர்வான்" என்றேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. நம் ஊரில் கப்பல்காரப் பையன்களின் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. பையன் நடுக்கடலில் இருப்பான், அலுவலகம் அம்மாவைக் கேட்கும், அம்மா சொன்னதைப் பையன் சொன்னதாகவே எழுதிக்கொள்வார்கள், பிறகு கையெழுத்து தானாக வந்து சேரும். உனக்குப் பதிலாக ஏறவேண்டிய ஆளை, தேவையில்லை, காத்திரு என்று நிறுத்திவிட்டார்களாம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? இந்த வெள்ளிக்கிழமை நீ "ஊருக்குப் போகிறேன்" என்று சொன்னாலும், உன் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை இறங்க முடியாது. கேப்டன் உன்னிடம் கேட்பது வெறும் ஒப்புக்கு என்று ஆகியிருந்தது. நீ என்னிடம் "நீயே சொல்லிடு" என்று கேட்டபோது, நான் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திடா வந்தாள். நீ திரும்பி வந்ததும் கல்யாணம் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கும் பெண், மாதம் தவறாமல் உன் அம்மாவைப் பார்க்க வருகிறாள். உன்னிடம் அவள் எதையும் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸும் பொரித்த சுரைக்காயும் வாங்கிக்கொண்டு, பேருந்தில் இடிபட்டு, வேர்த்து வந்தாள். பாதித் தமிழ், பாதிப் பர்மியில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "முத்து இன்னும் ஒன்பது மாதம் இருப்பான்மா. ஆபீஸில் சொல்லியாச்சு" என்றேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அவர் சொன்னாரா ஆன்ட்டி?" என்றாள். "நான் சொன்னேன்" என்றேன். "இல்லை, அவர் சொன்னாரா?" என்று மறுபடி கேட்டாள். குரலில் கோபம் இல்லை. குழந்தைகள் பள்ளியில் வேலை செய்கிறவள் அல்லவா, ஒரு கேள்வியைப் பதில் வரும்வரை அப்படியே திரும்பக் கேட்கத் தெரிகிறது. "அவனுக்கு எது நல்லதுன்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி, அவர் என்ன சொல்லுவார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, முத்து. நீ கப்பலை வெறுக்கிறாயா, அது உனக்குப் பழகிப் பிடித்துவிட்டதா, இங்கே வரப் பயப்படுகிறாயா, வராமல் இருக்கத்தான் பயப்படுகிறாயா, எதுவுமே எனக்குத் தெரியாது. இருநூறு வருஷத்துக்கு முன் எவனோ எந்தப் பக்கம் கூடாரம் அடித்தான் என்று தெரிகிறது. பெற்ற பிள்ளை என்ன நினைக்கிறான் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மாலை அந்த ஏரிச் சண்டையின் மிச்சக் கதையைப் படித்தேன். கோட்டையை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றினார்களே, அந்தப் பொருள்கள் பிறகு என்ன ஆயின என்று அதுவரை நான் தேடவே இல்லை. ஒளித்து வைத்ததோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. படகில் ஏற்றி, ஏரிக்கரையை ஒட்டிப் பதுங்கிப் பதுங்கிக் கொண்டுபோனார்கள். வழியில் ஓர் ஓடைக்குள் புகுந்தபோது மறுபடி சண்டை. அதற்கு மேல் ஏரி வழியே போக வழியில்லாமல், பீரங்கிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கரை வழியாக அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது ஒரு நங்கூர வடம். ஆளின் தொடை அளவு பருமன். எந்த வண்டியும் அந்த வடத்தைத் தாங்கவில்லை. கடைசியில் ஆட்கள் வரிசையாக நின்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தோளில் வைக்கோலை வைத்துக்கொண்டு, காட்டுப் பாதையில், ஒரு நாளுக்கும் மேல். பாதி வழியில் சிலர் நழுவி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். வழியில் இருந்த வேறு சிலர் வந்து தோள் கொடுத்தார்களாம். வடம் போய்ச் சேர்ந்தது. அது எந்தக் கப்பலுக்காகப் போனதோ, அந்தக் கப்பல் பெரிய சண்டை எதையும் பார்ப்பதற்கு முன்பே போரும் முடிந்துவிட்டது.

நழுவிப்போனவர்களைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. பயந்தவர்களா? தோள் கிழிந்தவர்களா? வீட்டில் யாருக்காவது பிரசவமா? நாற்றுப் போல ஏதாவது நட வேண்டிய நாளா? அவர்கள் போனதால் மற்றவர்கள் தோளில் கனம் கூடியிருக்கும், அது அவர்களுக்குத் தெரிந்துமிருக்கும். ஆனாலும் யாரோ ஒருவர் ஓடிப்போய் அவர்களைப் பிடித்து வந்து மறுபடி வடத்துக்கு அடியில் நிறுத்தியதாக நான் படித்த எதிலும் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் அந்த வேலையைச் செய்திருப்பேன். உனக்கு ஒன்பது வயதில் நம் கோயில் தேரோட்டத்தில் உன்னை வடத்திலிருந்து பிய்த்து இழுத்தேனே, நினைவிருக்கிறதா? அது இதற்கு நேர் எதிர், ஆனால் அதே கைதான். உள்ளங்கை சிவந்திருந்தது என்பதற்காக இழுத்தேன். "அம்மா, விடு, என் இடம் போயிடும்!" என்று கத்தினாய். போய்விட்டது. அடுத்த நொடியே வேறொருவர் அங்கே நின்றார். வீட்டுக்கு வரும்வரை நீ என்னோடு பேசவில்லை. உன்னைத் தோள் கொடுக்கச் சொல்வதும் நானாக இருந்தது, எடுக்கச் சொல்வதும் நானாக இருந்தது.

நேற்று திங்கட்கிழமை, அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனேன். கோ ஸாவ் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "வாங்க ஆன்ட்டி, மகன் கையெழுத்துக்கு முன்னால் அம்மாவின் கால் வந்துவிட்டதா?" என்றார். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். "அப்படியானால் மகன் இறங்குகிறாரா?" "தெரியாது." "தொடர்கிறாரா?" "தெரியாது." பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆன்ட்டி, இந்தக் கட்டத்தில் ஒன்று 'ஆம்' எழுத வேண்டும், அல்லது 'இல்லை' எழுத வேண்டும். 'அம்மாவுக்குத் தெரியாது' என்று எழுதக் கம்பெனி இடம் விடவில்லையே." உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய? பிறகு கேட்டேன், அவன் வாயால் சொல்லும்வரை கட்டத்தைக் காலியாக விடலாமா, அதுவரை மாற்று ஆளைத் தயாராக வைத்திருக்க முடியுமா என்று. அவர் யோசித்துவிட்டு அந்த ஆளுக்கே ஃபோன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி என் கையில் கொடுத்தார். டெல்டாப் பக்கத்து மனிதர், முப்பது வயதிருக்கும், பின்னால் கோழி கூவியது. விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஆன்ட்டி, உங்கள் ஒரு வார்த்தைக்காகப் பெட்டியைக் கட்டியதை அவிழ்த்தேன். இப்போது மறுபடி கட்டவா? என் மனைவி என்னைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவாள்" என்றார். பிறகு அவரே, "வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கிறேன். உங்கள் மகன் எதைச் சொன்னாலும் தாமதிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். எனக்கும் வீடு இருக்கிறது" என்றார். கேட்டுக்கொள், முத்து. உன் ஒரு வார்த்தையில் அவருடைய பெட்டியும் இருக்கிறது. ஆனால் அதற்காகவும் நீ முடிவெடுக்க வேண்டாம். தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இங்கே நிலவரம் என்ன என்றும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன், என் விருப்பத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்காமல். வார்டு அலுவலகப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம். வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை, சொல்கிறவர்களை நம்பவும் முடியவில்லை. மின்சாரம் வந்தால் வரும். உன் அப்பாவுக்கு இடுப்பு வலி உண்டு, ஆனால் ஷ்வேப்யிதாவுக்குப் பேருந்தில் போய்வர முடிகிறது. என் சம்பளமும் அவர் சம்பளமும் சேர்ந்தால் குடும்பம் ஓடும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும். அதை நினைத்து நீ கையெழுத்துப் போட வேண்டாம், போடாமலும் இருக்க வேண்டாம். லத்தாவில் நீ கேட்ட அந்தக் கடையை மூடிவிட்டார்கள், வேறு கடைகள் இருக்கின்றன. திடா உனக்காகக் காத்திருப்பதாகத்தான் நடந்துகொள்கிறாள், எத்தனை நாள் முடியும் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை. தொடர்வது என்றால், நீயே எனக்குச் சொன்ன விதியை மறக்காதே: இழுத்துக் கட்டிய கயிற்றின் வளையத்துக்குள் நிற்காதே. இறங்குவது என்றால், விமான நிலையத்தில் நான் அழுவேன், அதைக் கண்டுகொள்ளாதே.

உன்னிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. கேட்கிறேன், பதிலை எனக்குள்ளேயே எழுதிக்கொள்ளாமல் காத்திருக்கிறேன். மூன்று நாள் அந்த ஊரை டெக்கிலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டு நின்றபோது என்ன நினைத்தாய்? ஊர் ஊராகப் போயும் கரையில் கால் வைக்காமல் திரும்புவது எப்படி இருக்கிறது? ஏரித் தண்ணீரில் உப்பு இல்லையே, அதன் வாசனை வேறாக இருக்கிறதா? அங்கே கப்பலில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? இரண்டு வருஷத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்டேன். அதற்கும் பதில் எனக்கே தெரியும் என்பது போலக் கேட்டேன்.

கோ ஸாவ் எனக்கு ஓர் உபகாரம் செய்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை கேப்டனிடமிருந்து மின்னஞ்சல் வந்த அடுத்த நிமிடம், யாருக்கும் முன்னால் எனக்கு ஃபோன் செய்துவிடுவாராம். கை நீட்டி வாங்கிக்கொள்ளும் ஆசை எவ்வளவு இருந்தது தெரியுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேப்டனிடம் சொன்னதும் நீ முதலில் திடாவுக்குச் சொல். அவள் எங்களுக்குச் சொல்லட்டும். பேருந்தில் வந்துதான் சொல்லுவாள், ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரம், அவள் வாசலில் வந்து நிற்கும்வரை, என் மகன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது.

ஆவலோடும் கொஞ்சம் பயத்தோடும்,
அம்மா